பொன்னி நெல்லும் மாப்பொருள் வரலாறும்

ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையோரத்தில் பத்து பகாட் என்னும் நகர் உள்ளது. அந்நகரைச் சேர்ந்த அரிசி நிறுவனம் ஒன்று 'பொன்னி' என்னும் சொல்லை மலேசியாவில் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்திருந்தது. அப்பதிவை எதிர்த்து, இந்திய நடுவணரசின் வேளாண் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பொன்னி என்பது ஒரு நெல்வகையின் பெயர். அதை ஒருவர் மட்டும் தமக்கே உரியதாக்கிக் கொள்ளலாகாது என்பது வழக்கின் சாரம். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவுறும் காலத்தில், பதிவேட்டிலிருந்து அப்பெயரை நீக்குமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் இத்தீர்ப்பு உழவரின் வெற்றியாகப் போற்றப்பட்டது. அது முறையே. காவிரிக்குரிய பழம்பெயரைத் தாங்கிய நெல் தமிழர்க்கு அயலாகுமா? ஆயினும் பெயரின் வரலாறு வேறு, நெல்லின் வரலாறு வேறு. மலேசியத் தமிழர் இன்று தமிழ்நாட்டரிசி என்று கடையில் கேட்டு வாங்கும் பொன்னிக்குத் தாய்வீடு தமிழ்நாடு அன்று; மலாயா நாடேயாம். இங்கிருந்து சென்ற நெல் அங்கே பெயர் பெற்று, அரிசியாக மீண்டும் இங்கு வந்திருக்கிறது. அதன் வழிவந்த மற்றொரு நெல்லின்மீதே இன்று மரபணுத் திருத்தம் என்னும் புதுக்கலை கைவைத்துள்ளது. ஆதலின் அந்நெல் வந்த வழியை முற்றும் அறிதல் தமிழ் மக்களுக்குப் பயன்தரும்.

மூன்று நாட்டு நெல்

உலக நெல்வகைகளுள் இரு பெரும் பிரிவுகள் உண்டு. இந்தியா, இலங்கை, மலாயா முதலிய வெப்ப நாடுகளில் விளைவது இண்டிகா. சப்பான், கொரியா முதலிய குளிர்ந்த நாடுகளில் விளைவது சப்போனிகா. முன்னது உயர்ந்து வளர்வது. உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். பின்னது குட்டையாக நின்று உரத்தை ஏற்று விளைச்சல் தரும். ஆனால் அதன் சோறு குழைந்து ஒட்டுவது. இவ்விரண்டையும் கலந்து, சாயாமல் விளையும் நெல்லைப் பெறுவதற்கென 1950ஆம் ஆண்டளவில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மைக் கழகம் ஒரு திட்டம் வகுத்தது. ஒரிசாவின் கட்டாக் நகரில் 1946இல் நிறுவப்பட்ட நடுவண் நெல் ஆராய்ச்சி நிலையம் அதன் களமாயிற்று. அந்நிலையத்தின் முதல் இயக்குநர் கே. இராமையா, அதற்கு முன்னர்க் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். இத்திட்டத்துக்கு வித்திட்டவருள் அவரும் ஒருவர். கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனும் 1954இல் அங்குச் சிலகாலம் இப்பணியில் ஈடுபட்டார்.

இத்திட்டத்தின்கீழ்க் கலக்கப்பட்ட இணைகளுள் ஒன்று, மலாயாவின் 'மாயாங் எபோஸ் 80' என்பதும் தைவானின் 'தைச்சுங் 65' என்பதும் ஆகும். மாயாங் என்னும் மலாய்ச் சொல் பாளையைக் குறிக்கும். மாயாங் எபோஸ் மலாய் உழவரின் நாட்டு நெல். தைச்சுங் 65 சப்பானியர் தைவானை ஆண்ட காலத்தில், 1920களில், அங்கு உருவாக்கப்பட்டது. அவ்வகை நெல்லுக்குத் தைவானில் 'பொன்லாய்' என்று பெயர். பொன்னிக்கும் பொன்லாய்க்கும் உள்ள ஒலியொப்புமை கேட்போர்க்கு வியப்பளிக்கும். அது தற்செயலேயன்றி வேறன்று. பொன்லாய் என்பது கிழக்காசியப் பழங்கதையில் வரும் அமரர் தீவின் பெயர்.

இக்கலப்பின் விதைகள் மலாயாவுக்கு அனுப்பப்பெற்றன. புரோவின்ஸ் வெல்லஸ்லியில், அதாவது இன்றைய செபராங் பிறையில், பும்போங் லீமா என்னுமிடத்து நெல் நிலையத்தில் பல தலைமுறை அவை பொறுக்கி வளர்க்கப்பட்டன. 1964இல் 'மலிஞ்சா' என்னும் உடன்பிறப்புத் திட்ட நெல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1965இல், மாயாங் எபோசின் மகவு 'மாசூரி' என்னும் பெயருடன் வெளிவந்தது. லங்காவித் தீவில் குற்றமின்றிக் கொலையுண்டு, வெண்குருதி சிந்தித் தன் கற்பை மெய்ப்பித்ததாகக் கதை கூறும் நங்கையின் பெயரும் மாசூரி என்பதே. கண்ணகியை அறிந்த தமிழர்க்கு அக்கதை அயலாகத் தோன்றாது.

மாசூரி இந்தியாவுக்குச் சென்ற வரலாறும் சுவையானது. ஆய்வு வயல்களில் அது சாய்கிறது என்று முதலில் ஒதுக்கப்பட்டது என்றும், வயலிற் பணியாற்றிய உழவர் ஒருவர் சிறிது விதையைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றதால் ஆந்திர நாட்டில் அது பரவியது என்றும் வேளாண் அறிஞர் எழுதியுள்ளனர். அதிகாரிகள் தள்ளியதை உண்போர் கொண்டனர். சோறு நன்றாயிருந்தது என்பதே காரணம். பின்னர்க் கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதே பெற்றோர் வழியிலிருந்து பொறுக்கியெடுத்து, 1986இல் 'வெள்ளைப் பொன்னி'யை வெளியிட்டது.

அதே 1986இல் ஆந்திரத்தின் பாபட்லா நிலையம் மாசூரியைப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு 'சம்பா மாசூரி'யை வெளியிட்டது. இதன் மற்றொரு பெற்றோர் ஜி.இ.பி. 24, அதாவது கோயம்புத்தூரில் கோனாமணி நெல்லில் தானே தோன்றிய மாற்றத்தைக் கண்டெடுத்து 1921இல் வெளியிட்ட நெல். கிச்சிலிச் சம்பா என மக்கள் வழங்குவது இதுவே. ஆகச் சம்பா மாசூரியில் கோவையும் மலாயாவும் தைவானும் ஒருங்கே கலந்துள்ளன.

மணிக்குள் இருப்பது என்ன?

விளைச்சல் மிகுந்த நெல் பல வந்தும் மக்கள் பொன்னியையும் சம்பா மாசூரியையும் விடாமைக்குக் காரணம் அவற்றின் மாப்பொருளே. உமியும் தவிடும் நீக்கிய அரிசியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மாப்பொருள்தான். அதில் இருவகை இழைகள் உண்டு. ஒன்று பெரும்பாலும் கிளையின்றி நீண்டு செல்லும் இழை. அதற்கு அமைலோஸ் என்று பெயர். மற்றொன்று மரம்போற் கிளைத்துச் செல்லும் இழை, அது அமைலோபெக்டின். பனைக்கும் ஆலுக்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது இது.

அமைலோஸ் மிகுந்த அரிசி வெந்தால் சோறு உதிரியாகும், ஆறினால் விறைக்கும். அமைலோஸ் குறைந்தால் சோறு குழையும். அமைலோஸ் ஏறத்தாழ இல்லையென்றால் சோறு பசைபோல் ஒட்டும். மலாய் மக்கள் 'புலுட்' என்று வழங்கும் அரிசி அத்தகையது. நகரத்தார் பர்மாவிலிருந்து கொணர்ந்ததாகச் சொல்லப்படும் செட்டிநாட்டுக் கவுணி அரிசியும் அவ்வினத்ததே. பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இதைக் காணலாம். சோற்றரிசியின் மாவில் அயோடின் கரைசலை விட்டால் கருநீலம் தோன்றும். புலுட் மாவில் விட்டால் செம்பழுப்பே தோன்றும். நீலநிறம் அமைலோசின் அடையாளம்.

பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பியென்வெனிடோ ஜூலியானோ என்னும் அறிஞர் 1971இல் இதனை எளிதில் அளந்தறியும் முறையை வகுத்தார். அதன் பயனாக அரிசிகளை வரிசைப்படுத்த முடிந்தது. நூற்றுக்கு இரண்டுக்குக் குறைந்தால் ஒட்டும் அரிசி, இருபதுக்குள் இருந்தால் குறைவு, இருபது முதல் இருபத்தைந்து வரை இடைநிலை, அதற்குமேல் மிகுதி. சம்பா மாசூரி இடைநிலையது. உதிரியாயும் இருத்தல் வேண்டும், மென்மையாயும் இருத்தல் வேண்டும் என்று சோற்றுக்குத் தமிழர் வைக்கும் இலக்கணத்துக்கு இவ்விடைநிலையே பொருந்துவது.

அமைலோசை உண்டாக்கும் நொதிக்கு உரிய மரபணுவை 'வேக்சி' என்பர். சப்போனிகா நெற்களில் அந்த மரபணுவின் ஓரிடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை 1990களில் கண்டறிந்தனர். அம்மாற்றத்தால் நொதி குறைகிறது, நொதி குறையவே அமைலோஸ் குறைகிறது, சோறு குழைகிறது. மரம் என்பதில் இடையின ரகரம் வல்லின றகரமானால் மறம் என்று பொருள் மாறுவது போன்றதே இது. ஒட்டும் அரிசிக்குக் காரணமான மாற்றம் பெரும்பாலும் தென்கிழக்காசியாவில் ஒரே முறை தோன்றிப் பின்னர்ப் பரவியது என ஓல்சன், புருகானன் என்னும் இரு அறிஞர் 2002இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. எங்கோ ஒரு மலைச்சாரலில் எவரோ ஒருவர் ஒட்டும் சோற்றை விரும்பி அந்தக் கதிரைத் தனியே எடுத்து வைத்தார். மரபணு என்ற சொல் பிறக்குமுன்னரே மரபணுவைத் தெரிந்தெடுத்த முதல் வேளாண் அறிஞர் அவரே.

சங்க நூல்கள் செந்நெல், வெண்ணெல், ஐவனம், தோரை என நெல்லை வகைப்படுத்திப் பேசுகின்றன. வகைப்படுத்திப் பெயரிட்டவர் வகையறிந்து விதைத்தவரே ஆவர். ஆதலின் மாப்பொருளின் பண்பை மனிதன் மாற்றுவது புதிதன்று. மாற்றும் கருவியே புதிது.

புழுங்கல் அரிசி புகட்டிய பாடம்

அரிசியின் பண்பு உண்போரின் உயிரோடு தொடர்புடையது என்பதை உலகுக்கு முதலில் உணர்த்திய நாடுகளுள் மலாயாவும் ஒன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குப் பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரவரைக் கொன்றது. சுரங்கங்களில் உழைத்த சீனர் மிகுதியாக மாண்டனர். தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே அந்நோய் அரிதாயிருந்தது. இரு சாராரும் ஒரே காற்றை உயிர்த்து, ஒரே நீரைப் பருகி, ஒரே வெயிலில் உழைத்தனர். பின் வேற்றுமைக்குக் காரணம் யாது?

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன் என்பார் 1907இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை தேடினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோயின் காரணம் அரிசியிலேயே உள்ளது என்றார் அவர். அதே காலத்தில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானின் காட்டுப் பகுதியில் சாலை வேலை செய்த சாவகத் தொழிலாளரை இரு குழுவாக்கினர். ஒரு குழுவுக்குத் தீட்டிய அரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. தீட்டிய அரிசி உண்டோரிடமே நோய் தோன்றியது. உயிர்ச்சத்து என்னும் கருத்தே நிலைபெறாத காலம் அது. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று.

அவிப்பதால் மாப்பொருளும் மாறுகிறது. அது வெந்து நெகிழ்ந்து, பின் ஆறுகையில் இறுகிக் கட்டுப்படுகிறது. அவ்வாறு இறுகிய மாவில் ஒரு பகுதி எளிதிற் செரிப்பதில்லை. பழைய சோற்றிலும் நிகழ்வது இதுவே. தமிழச்சி நெல் அவித்ததும் எஞ்சிய சோற்றில் நீருற்றி வைத்ததும் வேதியியல் அறிந்து செய்தவை அல்ல. ஆயினும் வேதியியல் அவற்றை ஒப்புகிறது.

இதில் ஒரு பெரும்படிப்பினை உண்டு. வெண்மையும் மென்மையும் நல்லரிசிக்கு இலக்கணம் எனச் சந்தை கருதியது. ஆலை அதைச் செய்து கொடுத்தது. உடல் அதற்கு விலை கொடுத்தது. சந்தை நாடும் பண்பும் உடல் நாடும் பண்பும் எப்பொழுதும் ஒன்றாயிரா.

போரும் மாவும்

மாப்பொருளின் வரலாற்றில் ஜொகூருக்கு மற்றோர் இடமும் உண்டு. 1942 சனவரியில் சப்பானியப் படை கிம்மாஸ் எல்லையைக் கடந்து மூவார், பத்து பகாட் வழியே தெற்கு நோக்கி வந்தது. அம்மாதம் 31ஆம் நாள் பின்வாங்கிய படையினர் ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்தனர். பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச்சில் சாவகமும் வீழ்ந்தன. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசியை நம்பியிருந்த மலாயாவில் சோறு அருகியது. மரவள்ளிக் கிழங்கே தோட்டத் தமிழரின் உணவாயிற்று. அந்த நாள்களைக் கண்ட முதியோர் பலர் பிற்காலத்தில் மரவள்ளியைத் தொடவும் விரும்பவில்லை.

அதே மரவள்ளிமாவுக்கு அமெரிக்கா தவித்தது. காகிதம், பசை, உணவு முதலிய தொழில்களுக்கு வேண்டிய மரவள்ளிமாவு சாவகத்திலிருந்தே அங்குப் போய்க்கொண்டிருந்தது. போரால் அது நின்றதும் அயோவா மாநில வேளாண் அறிஞர் மற்றொன்றைத் தேடினர். 1908இல் சீனாவிலிருந்து சென்ற ஒருவகை மக்காச்சோளம் அவர்கள் கைக்கு எட்டியது. புலுட் அரிசியைப் போன்றே அமைலோஸ் அற்றது அது. அதன் மாவு மரவள்ளிமாவைப் போல நடந்துகொண்டது. வேடிக்கைப் பொருளாய்க் கிடந்த சோளம் போர்க்காலத்தில் தொழிற்பயிராயிற்று. பின்னாளில் அமெரிக்காவில் மரபணுத் திருத்தத்துக்கு முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட தானியப் பண்புகளுள் இதுவும் ஒன்று. 2016இல் ஓர் அமெரிக்க விதை நிறுவனம் திருத்தத்தின் வாயிலாக இத்தகைய சோளத்தை உண்டாக்கியதாக அறிவித்தது.

மெண்டலின் சுருங்கிய பட்டாணி

மரபியல் தோன்றியதும் மாப்பொருளிலேதான் என்றால் மிகையாகாது. பிரனோ நகரத்துத் துறவி கிரிகோர் மெண்டல் 1866இல் தம் பட்டாணி ஆய்வை வெளியிட்டார். உருண்ட பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 7,324 விதைகளை எண்ணினார். 5,474 உருண்டவை; 1,850 சுருங்கியவை. மூன்றுக்கு ஒன்று என்னும் புகழ்பெற்ற கணக்கு இதிலிருந்தே வந்தது.

பட்டாணி ஏன் சுருங்குகிறது என்பதற்கு விடை 1990இல் இங்கிலாந்தின் நார்விச் நகரிலிருந்து கிடைத்தது. மாப்பொருள் இழையில் கிளைகளை உண்டாக்கும் நொதி ஒன்று உண்டு. சுருங்கிய பட்டாணியில் அந்நொதிக்குரிய மரபணுவின் நடுவே வேறொரு துண்டு புகுந்து அதைக் கெடுத்துள்ளது. கிளை குறைந்தால் மாப்பொருள் குறையும். மாவாக மாறாத சர்க்கரை தங்கும். அது நீரை ஈர்க்கும். விதை உலர்கையில் சுருங்கும். மெண்டல் கண்டது கிளை நொதியின் குறைபாடு. நெல்லிலும் அதே இனத்து நொதிகள் உண்டு. அவற்றுள் ஒன்றாகிய 'எஸ்.பி.இ. இரண்டு-பி' குன்றினால் கிளைகள் குறைந்து நீண்ட இழைகள் மிகும். அத்தகைய அரிசி மெல்லச் செரிக்கும். குருதியில் சர்க்கரையை விரைந்து ஏற்றாது.

எழுத்தைத் திருத்தும் கலை

நெல்லின் மரபுத் தொகுதி முழுவதும் 2005இல் படித்து வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 39 கோடி எழுத்துக்களாலான நூல் அது. படித்தவர்க்குப் பிழை திருத்தவும் கைவருமா என்னும் வினாவுக்கு 2012இல் வழி பிறந்தது. இம்மானுவேல் சார்ப்பெந்தியே, ஜெனிபர் டௌட்னா என்னும் இரு பெண் அறிஞர்கள், நுண்ணுயிர்கள் தம்மைத் தாக்கும் நச்சுயிரிகளை வெட்ட வைத்திருக்கும் கருவியை மனிதர் கைக்கருவியாக்கினர். 'கிரிஸ்பர்' எனப்படும் இம்முறைக்காக 2020இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு கிட்டியது.

இதன் செயல் எளிதில் விளங்கக் கூடியது. தேட வேண்டிய தொடரை அறிந்த வழிகாட்டி இழை ஒன்று. வெட்டும் நொதி ஒன்று. வழிகாட்டி உரிய இடத்தைக் கண்டவுடன் நொதி வெட்டுகிறது. செல் அவ்வெட்டைத் தானே ஒட்டும்போது ஓரிரு எழுத்துக்கள் விடுபடலாம், சேரலாம். அந்த மரபணு செயலிழக்கும். அல்லது செயல் குறையும். வேற்றுயிரின் மரபணு பயிரில் நிலையாக வைக்கப்பெறுவதில்லை. கருவியைக் கொண்டுசெல்லச் சேர்த்த துண்டையும் அடுத்த தலைமுறையில் மெண்டலின் கணக்குப்படியே பிரித்து நீக்கிவிடலாம். பருத்தியில் வேற்றுயிரின் மரபணுவைப் புகுத்திய பழைய முறைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இக்கருவி மாப்பொருளில் விரைந்து பயன்பட்டது. 2017இல் சீனாவையும் அமெரிக்காவையும் சார்ந்த ஆராய்ச்சியாளர் நெல்லின் கிளை நொதி மரபணுவைத் திருத்தினர். அமைலோஸ் 25 விழுக்காடு வரையும், செரிக்காத மாப்பொருள் 9.8 விழுக்காடு வரையும் உயர்ந்தன. 2018இல் சீன அறிஞர் வேக்சி மரபணுவை முடக்கி, உயர்ந்த நெல்வகைகளை ஒட்டும் நெல்லாக்கினர். இரண்டாண்டில் மற்றொரு நுட்பம் வந்தது. மரபணுவை முழுதும் முடக்காமல், அதன் செயலை ஆளும் முற்பகுதியை மட்டும் தொட்டு, அமைலோசைச் சிறிது சிறிதாகக் குறைத்தனர். விளக்கை அணைப்பதற்கும் திரியைக் குறைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. சமையலுக்கு ஏற்றது பின்னதே.

இவ்வரலாற்றின் உச்சம் 2024இல் வந்தது. அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலைய அறிஞரும் பிறரும் சம்பா மாசூரியையும், கிளை நொதி குன்றிய 'ஐ.ஆர். 36' வழித்தோன்றலையும் கலந்து வளர்த்தனர். அவற்றின் மக்களுள் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் அரிசிகள் கிடைத்தன, புரதமும் மிகுந்திருந்தது. காரணம் கிளை நொதி மரபணுவே என்பதை மரபணுத் திருத்தத்தால் உறுதிசெய்தனர். மெண்டலின் சுருங்கிய பட்டாணியும் மலாயாவின் மாயாங் எபோசும் ஒரே மணியில் சந்தித்தன எனலாம்.

எவருக்காக, எந்தப் பண்பு?

இந்த ஆய்வின் தேவையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலேசிய அரசின் 2019ஆம் ஆண்டு நலவாழ்வுக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டு. இந்திய மரபினரிடையே அது 31.4 விழுக்காடு. பிற இனத்தாரினும் இது மிகுதி. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உணவால் நோயினின்று தப்பிய சமூகம், இந்நூற்றாண்டில் உணவோடு தொடர்புடைய நோயில் முன்னிற்கிறது. சோறு ஒன்றே இதற்குக் காரணமன்று. பிறப்புக் கூறும், உழைப்புக் குறைவும், இனிப்புப் பானங்களும் காரணங்களே. ஆயினும் நாள்தோறும் இருமுறை உண்ணும் பொருளின் பண்பு ஒதுக்கத்தக்கதன்று.

மரபணுத் திருத்தமின்றியே இதற்கு ஒரு வழி தோன்றியதும் உண்டு. ஐதராபாத்து நிறுவனங்கள் இரண்டு சம்பா மாசூரியில் இலைக்கருகல் நோயைத் தாங்கும் மூன்று மரபணுக்களைக் கலப்பின் வாயிலாகச் சேர்த்து 2008இல் வெளியிட்டன. பின்னர்ச் சோதித்தபோது அவ்வரிசியின் சர்க்கரை ஏற்றக் குறியீடு ஏறத்தாழ 51 மட்டுமே என்பது தெரிந்தது. 55க்குக் குறைந்தால் குறைவு என்பது அளவை. அந்நெல் அதற்காகத் தேடப்பட்டதன்று. தேடாமலே கிடைத்ததாயின், தேடினால் எவ்வளவு கிடைக்கும் என்பது சிந்தனைக்குரியது.

ஆனால் புதுக்கருவி முதலில் தேடியது வேறு. 2022இல் இந்திய அரசு, வேற்று மரபணு இல்லாத திருத்தப் பயிர்களுக்குச் சில கட்டுப்பாடுகளிலிருந்து விலக்களித்தது. 2025 மே மாதம் இரண்டு திருத்த நெற்களை அறிவித்தது. ஒன்று 'கமலா', சம்பா மாசூரியில் ஒரு மரபணுவைத் திருத்திக் கதிரில் மணிகளைப் பெருக்கியது. மாயாங் எபோசின் பேரப்பிள்ளை இவ்வாறு புதுக்கலையில் இடம்பெற்றது. எனினும் திருத்தப்பட்டது விளைச்சலே, மாப்பொருள் அன்று. உழவர் விளைச்சலை நாடுவது இயல்பு. உண்போர் தம் தேவையைக் கேளாதவரை அது கணக்கில் வாராது என்பதும் இயல்பே.

மாப்பொருளைத் திருத்துவதில் இடர்களும் உள. கிளை நொதி குன்றினால் மணி வெளுத்துச் சிறுக்கிறது, எடை குறைகிறது, சோறு விறைக்கிறது. சுவையில்லாத மருந்தரிசியை மக்கள் சில நாள் உண்டு விட்டுவிடுவர். ஆதலின் நீண்ட காலம் உண்ணத்தக்க சோறாகவும் அது இருத்தல் வேண்டும்.

மற்றோர் இடர் உரிமை பற்றியது. மாசூரி எல்லை கடந்தபோது எவரும் எவரிடமும் காப்புரிமை கேட்கவில்லை. மலாய் உழவர் பேணிய நெல் ஆந்திரத்தில் விளைந்தது, தமிழ்நாட்டில் பொன்னியாயிற்று. பின்னர்க் காலம் மாறிற்று. இந்தியா 2001இலும் மலேசியா 2004இலும் பயிர்வகைப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றின. மலேசியாவின் 2007ஆம் ஆண்டு உயிரிப் பாதுகாப்புச் சட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தும் கருவிக்கோ காப்புரிமைகள் பல. ஓர் எழுத்தைத் திருத்தியவர் நூல் முழுவதற்கும் ஆசிரியராதல் முறையாகுமா என்று உழவர் அமைப்புகள் கேட்பதில் பொருளுண்டு. திருத்தத்தின் பயன் திருத்தியவர்க்கு உரியது; நெல்லின் பெரும்பகுதியைப் பேணித் தந்தவர் எண்ணற்ற உழவர்.

பத்து பகாட் வழக்கில் நீதிமன்றம் உறுதிசெய்த நெறி இங்கும் பொருந்தும். ஒரு நெல்வகையின் பெயர் பலர்க்குப் பொதுவாயின், அதன் மணிக்குள் உள்ள மாப்பொருளின் பண்பு அதனினும் பொதுவானது. அதைச் செப்பம் செய்யும் ஆற்றல் இன்று மனிதர் கையில் உள்ளது. தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் பொன்னி பொது, நீரிழிவும் பொது. இரு நாட்டு நெல் நிலையங்களும் 1950களில் கூடிச் செய்த பணியை, இம்முறை உண்போரின் உடல்நலத்தை முதற்கண் வைத்து, மீண்டும் கூடிச் செய்தல் தக்கது. அதற்கு வேண்டும் விதை இரு நாட்டிலும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. வேண்டுவது கேட்கும் குரலே.